57 பெல் ஏர் வாங்கும் முன்: தகரத்தைப் பார், இன்ஜினை அப்புறம் பார்

பதிவு 1 | துருப்பிடிச்சவன்

வணக்கம் மக்களே. 1955, 56, 57 ஷெவ்ரோலே மூன்றையும் சேர்த்து அமெரிக்கர்கள் "ட்ரை ஃபைவ்" என்கிறார்கள். அதில் 57 பெல் ஏர் நான்கு கதவு செடான் ஒன்று விலைக்கு இருக்கிறது. 283 கன அங்குல வி8, பவர்கிளைடு என்கிற ஆட்டோமேட்டிக் கியர். விற்பவர் சொல்வது: சாவி திருப்பியதும் கிளம்பும், "மேட்சிங் நம்பர்" (அதாவது வண்டியோடு ஆலையிலிருந்து வந்த அதே இன்ஜின்), பெயிண்ட் சில வருடத்துக்கு முன் அடித்தது. இரண்டு கதவு ஹார்டாப்புக்கு (ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத வகை) கேட்கிற விலையில் பாதிகூட இல்லை.

கேள்வி மூன்று. நம்பர் கதை உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? வண்டியில் எதை முதலில் தட்டிப் பார்ப்பது? நான்கு கதவு என்பதால் பிற்பாடு உதிரிபாகத்துக்கு அலைய வேண்டி வருமா?

பதிவு 2 | எட்டு சிலிண்டர்

நம்பரில் ஆரம்பிப்போம், அதற்குக் காசு செலவில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் மாட்டியிருக்கும் தூணில் சின்னத் தகடு ஒன்று தெரியும். வி8 பெல் ஏர் என்றால் அது "வி சி 57" என்று தொடங்கும். வி என்பது வி8. சி என்பது பெல் ஏர். பி என்றால் 210, ஏ என்றால் 150, இரண்டும் பெல் ஏருக்குக் கீழ் ரக மாடல்கள். 57 மாடல் வருடம். அடுத்த எழுத்து ஆலை: எஃப் ஃபிளின்ட், எஸ் செயின்ட் லூயிஸ், ஓ ஓக்லண்ட், டபிள்யூ வில்லோ ரன். அதன்பின் 100001 முதல் ஓடும் வரிசை எண். தொடக்கத்தில் வி இல்லாமல் நேரே சி என்று ஆரம்பித்தால் அந்த வண்டி ஆலையை விட்டு வந்தபோது ஆறு சிலிண்டர்தான். இன்று உள்ளே வி8 உறுமுகிறது என்றால் யாரோ பிறகு இறக்கி வைத்தது. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தகடு ஸ்பாட் வெல்டு செய்யப்பட்டிருக்கும். ரிவெட்டோ ஸ்குரூவோ கண்ணில் பட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்காவில் வண்டி எண் தகட்டைக் கழற்றி மாற்றுவது குற்றம், சிக்கல் வாங்கியவன் தலையில் வந்து விழும்.

ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) இன்னொரு தகடு, பாடி செய்த ஃபிஷர் நிறுவனத்துடையது. நான்கு கதவு பெல் ஏர் செடானுக்கு அதில் 57-1019டி என்று இருக்கும். இரண்டு கதவு ஹார்டாப்புக்கு 57-1037டி, கன்வெர்டிபிளுக்கு 57-1067டி. சீட் துணி எண்ணும் பெயிண்ட் எண்ணும் அதிலேயே உண்டு.

இனி "மேட்சிங் நம்பர்". இந்த வருடங்களில் ஷெவ்ரோலே பயணிகள் காரின் இன்ஜினில் வண்டி எண்ணை அடிக்கவே இல்லை. வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் இருக்கும் தட்டையான இடத்தில் ஆலை எழுத்து, மாதம்-நாள், கடைசியில் எந்த வகை இன்ஜின் என்று சொல்லும் பின்னொட்டு எழுத்து, இவ்வளவுதான். பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்பு எண். 57-இன் 283 பிளாக்குக்கு 3731548 என்பது வழக்கமானது. அதே விளிம்பில் மறுபக்கம் வார்ப்புத் தேதி: ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். வார்ப்புத் தேதி, இன்ஜின் கோத்த தேதி, வண்டி கட்டிய காலம் மூன்றும் இந்த வரிசையில் சில வாரங்களுக்குள் அமைந்தால் "தேதி ஒத்துப்போகிறது" என்று சொல்லலாம். "இதே வண்டியில் பிறந்த இன்ஜின்" என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அந்த ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதிவு 3 | தகரவேலை தங்கம்

எட்டு சிலிண்டர் அண்ணன் சொன்னது சரி. ஆனா நம்பரையும் இன்ஜினையும் பாக்கறதுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு அடியில பாருங்க. 283 இன்ஜினை எந்த ஊர்லயும் பிரிச்சுக் கோக்கலாம், எல்லாச் சாமானும் கிடைக்கும். துருப்பிடிச்ச பாடியைத் திருப்பிக் கொண்டுவர்றதுதான் வருஷக்கணக்கில இழுக்கும், பாதியில விக்கற வண்டி பெரும்பாலும் அங்கதான் நின்னிருக்கும்.

எங்க பாக்கணும்னா:

57-ல ஹெட்லைட் மேல்பக்கம். 55, 56-ல முன்கண்ணாடிக்குக் கீழ இருந்த அகலமான காற்றுத் துளையை 57-ல எடுத்துட்டாங்க. ஹெட்லைட் வளையத்து வழியாக் காத்து உள்ள போய், மட்கார்டுக்குள்ள இருக்கற குழாய் வழியா கேபினுக்கு வரும். காத்தோட சேறும் இலையும் போகும். உள்ள ஈரம் தங்கி, மட்கார்டு மேல்பக்கம் உள்ளிருந்து அரிச்சு வெளிய கொப்புளமாத் தெரியும். கொப்புளம் வெளிய தெரிஞ்சா உள்ள தகரம் ஏற்கனவே போச்சுன்னு அர்த்தம்.

அடுத்தது முன்கண்ணாடியோட ரெண்டு கீழ் மூலை. சுத்தி வளைஞ்ச கண்ணாடி, ரப்பர் கெட்டா தண்ணி அங்கதான் இறங்கும். அது நேரா கால் வைக்கற பக்கத் தகட்டுக்கும் முன் தரைக்கும் போகும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாக்க விடலன்னா வாங்காதீங்க.

அப்புறம் கதவுக்குக் கீழ ஓடற ராக்கர், கதவோட அடி விளிம்பு, பின் மட்கார்டோட கீழ் மூலை, டிக்கித் தரை, ஸ்டெப்னிக் குழி, பின் ஸ்பிரிங் மாட்டற இடத்துல சேசிஸ். சேசிஸ் பெட்டி மாதிரி மூடினது, உள்ள மண்ணு சேந்தா வெளிய தெரியாது. சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடம் கணீர்னு சத்தம் தரும், அரிச்ச இடம் மொத்துன்னு கேக்கும்.

பட்டி பூசினதைக் கண்டுபிடிக்க மெல்லிய துணியில சுத்தின காந்தம் போதும். பெயிண்ட் கனம் அளக்கற கருவி இருந்தா இன்னும் நல்லது. பல தடவை பெயிண்ட் அடிச்ச தகரம்கூட 10, 15 மில்லுக்குள்ள (ஒரு மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு) நிக்கும். 40, 50 மில் காட்டினா அது பட்டிதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கூரையும் பின் மட்கார்டும் சேர்ற இணைப்புல ஆலையிலயே ஈயம் ஊத்தி வழிச்சிருப்பாங்க. அங்க காந்தம் ஒட்டலன்னு பயப்பட வேண்டாம்.

கடைசியாக் கதவு இடைவெளி. மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவுன்னு விரிஞ்சிருந்தா கீல் தேஞ்சிருக்கலாம், சரி பண்ணிடலாம். கதவைத் தூக்கிப் பாத்து ஆட்டம் இல்லாம இடைவெளி மட்டும் கோணலா இருந்தா பாடி நடுவுல தொய்ஞ்சிருக்கு. அது ராக்கர் போன வண்டி.

பதிவு 4 | இரண்டு பேரல்

தங்கம் சார் சொன்ன வரிசையை மாற்ற வேண்டாம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ராக்கரையோ தரையையோ வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு பண்ணிக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு பாடி விரிந்தாலோ ஒடுங்கினாலோ புது ராக்கர் கச்சிதமாகப் பொருந்தும், கதவு பொருந்தாது. அந்தத் தவறு வெல்டு எல்லாம் முடிந்து கதவு மாட்டும் நாளில்தான் தெரியும்.

பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கினால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் உயரம் சரிசெய்யும் தகடு (ஷிம்) எத்தனை இருந்தது என்று எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

பதிவு 5 | துருப்பிடிச்சவன்

நன்றி. பழைய பெயிண்டை எடுக்க மணல் வீச்சு சரியா, இல்லை அமிலத் தொட்டியில் முக்குவதா? வெல்டிங்குக்கு என்ன கம்பி, என்ன கனத் தகரம்?

பதிவு 6 | தகரவேலை தங்கம்

சேசிஸ், ஆக்சில், சஸ்பென்ஷன் கை, இதுக்கெல்லாம் மணல் தாராளமா வீசலாம். பானட், கூரை, கதவு வெளித்தகடு, டிக்கி மூடி, இந்த அகலமான தட்டைத் தகரத்துல வீசினா சூட்டிலயும் அடியிலயும் நெளிஞ்சு போகும். நெளிஞ்ச பானட்டைத் திருப்பி நேராக்கறது புதுசு வாங்கறதைவிடச் செலவு. அங்க ரசாயன ஸ்ட்ரிப்பர், இல்லன்னா பிளாஸ்டிக் துகள் வீச்சு.

தொட்டியில முக்கினா பளிச்சுன்னு வரும். ஆனா ரெண்டு தகரம் மடிச்சு சேர்ற விளிம்புக்குள்ள அமிலம் தங்கும். நடுநிலை ஆக்காம விட்டா, பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம் கழிச்சு அந்த விளிம்பெல்லாம் கசிஞ்சு பெயிண்ட்டைக் கிளப்பும். மூடின பாகம் முக்க வேண்டாம்னு சொல்வேன்.

வெல்டிங்குக்கு மிக், 0.6 மில்லிமீட்டர் கம்பி, 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு. தரைத் தகடு 18 கேஜ் வாங்குங்க. சந்தையில 20 கேஜும் விக்கறாங்க, மிதிச்சா டப்புன்னு அமுங்கும். ஆலை ஸ்பாட் வெல்டு இருந்த இடத்துல மேல் தகட்டுல 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு பிளக் வெல்டு. ரெண்டு தகரமும் ஒட்டற முகத்துல வெல்டு தாங்கற ஜிங்க் பிரைமர் அடிச்சுக்குங்க. வெளித்தகட்டுல தொடர்ச்சியா ஓட்டாதீங்க. ஒரு புள்ளி வச்சு, ஒரு அடி தள்ளி இன்னொரு புள்ளி, சூடு ஆறவிட்டுத் திரும்பி வந்து இடைவெளியை நிரப்பணும். அவசரப்பட்டு இழுத்தா தகரம் அலையலையா வளையும்.

சுத்தம் ஆன தகரத்து மேல அன்னிக்கே எபாக்சி பிரைமர் ரெண்டு கோட். பட்டி அதுக்கு மேலதான், வெறும் தகரத்துல இல்ல. அப்புறம் ஹார்டனர் கலந்து அடிக்கற கனமான 2கே பிரைமர், நீளக் கட்டையில 180, 320, கடைசியா 400-லிருந்து 600 வரைக்கும் தண்ணி வச்சுத் தேய்க்கணும். 57-ஓட பின் இறக்கை நீளமான தட்டைப் பக்கம். கையால தேய்ச்சா ஒவ்வொரு விரலும் பெயிண்ட்ல தெரியும்.

பழைய பெயிண்ட்லயும் இணைப்புலயும் ஈயம் இருக்கு. காய வச்சுத் தேய்க்காதீங்க, முகமூடி இல்லாமத் தொடாதீங்க.

பதிவு 7 | பிரேக் பித்தன்

இன்ஜின் ஓடுகிறது என்றதும் எல்லோரும் ஓட்டிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். சுமார் 1,500 கிலோ வண்டி, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் போய்விடும். ஆகவே விற்பவர் வீட்டு வாசலில் பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். மெல்ல இறங்கினால் ஓட்டாதீர்கள், டிரெய்லரில் ஏற்றுங்கள்.

டிரம் மோசம், டிஸ்க் மாட்டியே ஆக வேண்டும் என்று இந்த இழையில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 11 அங்குல டிரம், ஒழுங்காகக் கோத்தால் நேராக நிற்கும். கெடுவது கோக்கிற கையில். ஒரு சக்கரத்தில் இரண்டு ஷூ. லைனிங் நீளம் குறைந்தது முன்பக்கம், நீளமானது பின்பக்கம். பாதிப் பேர் இதை மாற்றிப் போடுகிறார்கள். மாறினால் அந்தச் சக்கரம் மட்டும் பிடிப்புக் குறைந்து வண்டி மறுபக்கம் இழுக்கும். அட்ஜஸ்டர் நட்சத்திரச் சக்கரம் இடம், வலம் தனித்தனி. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு 57-இல் கிடையாது, லைனிங் தேயத் தேயக் கையால்தான் முடுக்க வேண்டும். டிரம் கடையும்போது மொத்தமாக 0.060 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கடைந்த டிரமுக்குள் புது ஷூவின் நடு மட்டும் உரசினால் ஷூவையும் அந்த வளைவுக்குத் தேய்த்துக் கொடுக்கும் கடையைத் தேடுங்கள்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். ஏர் அடித்துத் தூசி பறக்க விடாதீர்கள். நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஒரே ஒரு மாற்றம் கட்டாயம்: இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர். முன் இரண்டுக்கு ஒரு குழாய், பின் இரண்டுக்கு ஒரு குழாய். டிரமுக்குப் போகும் குழாயில் 10 பிஎஸ்ஐ எச்ச அழுத்த வால்வு வேண்டும். சில சிலிண்டருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் இராது. வாங்கும்போதே கேளுங்கள். பூஸ்டர் இல்லாத பெடலுக்கு 1 அங்குல உள்விட்டம் உள்ள சிலிண்டர் போதும். 1-1/8 போட்டால் கல்லை மிதிப்பது போல் இருக்கும்.

பதிவு 8 | நெடுஞ்சாலை

பித்தன் அண்ணே, ஊருக்குள்ளே கண்காட்சிக்குப் போய்வர உங்கள் டிரம் போதும். மலை இறக்கத்தில் தொடர்ந்து நான்கு முறை அழுத்தினால் டிரம் சூடேறி பெடல் இருந்தும் பிடிப்பு இருக்காது. தண்ணீரில் நனைந்தாலும் அப்படியே. முன்னால் டிஸ்க் மாட்டுவது பாவம் இல்லை, பழைய ஸ்பிண்டிலைக் கழற்றிப் பத்திரமாக வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

ஆனால் கிட் வாங்குமுன் கவனிக்க வேண்டியது உண்டு. 57-க்கு ஆலை வீல் 14 அங்குலம் (55, 56-க்கு 15). பல கிட்டில் காலிப்பர் அந்த 14 அங்குல வீலில் இடிக்கும். சில கிட் சக்கரத்தை வெளியே தள்ளும், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். வீல் போல்ட் அமைப்பு 5 துளை, 4-3/4 அங்குல வட்டம், அதில் சிக்கல் இல்லை. முன் வீல் பேரிங் ஆலையிலிருந்து குண்டு பேரிங். டிஸ்க் போடாவிட்டாலும் டேப்பர் ரோலராக மாற்றிக்கொள்ளுங்கள், நேரடியாகப் பொருந்தும் செட் கிடைக்கிறது.

கியர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பவர்கிளைடு இரண்டே கியர். அதோடு வந்த பின் ஆக்சில் விகிதம் 3.36. 27 அங்குல உயர டயரில் மணிக்கு 65 மைல் போனால் இன்ஜின் சுமார் 2,700 சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் உள்ள பிற்கால ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 700ஆர்4 மாட்டினால் 0.70 விகிதத்தில் அது 1,900-க்கு இறங்கும். சத்தமும் பெட்ரோலும் குறையும். அந்த கியர்பாக்ஸில் உயிர் ஒரே ஒரு கேபிளில் இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிள். இதை வெறும் கிக்-டவுன் கேபிள் என்று நினைத்துத் தளர்வாக விட்டால் உள் அழுத்தம் ஏறாமல் கிளட்ச் தட்டு சில நூறு மைலில் கருகிவிடும். முழு ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது கேபிள் கடைசி வரை இழுபட வேண்டும், அதற்குச் சரியான கோணத்தில் பிராக்கெட் இருக்க வேண்டும்.

பதிவு 9 | எட்டு சிலிண்டர்

கியர்பாக்ஸ் மாற்றுவோர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த மூன்று வருட வி8-க்கு இன்ஜின் தாங்கி முன்பக்கம் இரண்டு, பின்னால் பெல் ஹவுசிங்கின் இரு பக்கமும் இரண்டு. 58-இலிருந்துதான் பிளாக்கின் பக்கவாட்டில் தாங்கி வந்தது. 700ஆர்4-க்கு அந்தப் பக்கத் தாங்கும் காது இல்லை. அதனால் சேசிஸில் புதுக் குறுக்குச் சட்டம் போட்டே ஆக வேண்டும். வெல்டு செய்யாமல் போல்ட் போடுகிற வகையை எடுங்கள். இந்த வண்டி அசல் நிலையில் இருந்தால் பவர்கிளைடைத் தூக்கி எறியாதீர்கள், துணியைச் சுற்றி மூலையில் வையுங்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

வண்டியில் இருப்பது டர்போகிளைடு என்ற இன்னொரு ஆட்டோமேட்டிக் என்று தெரிந்தால் அது வேறு கதை. 57-இல் அறிமுகமான அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதே ஒரு வேலை.

பதிவு 10 | இரண்டு பேரல்

இன்ஜின் என் பங்கு.

"சாவி திருப்பியதும் கிளம்பும்" என்பதற்கு மதிப்பு இல்லை, குளிர்ந்த இன்ஜினை நீங்கள் போய்க் கிளப்ப வேண்டும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகத் தயார் செய்திருக்கிறார்கள். எட்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் எடுங்கள். எல்லாம் குறைவாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

பல வருடம் நின்ற இன்ஜின் என்றால் ஸ்டார்ட்டர் போடாதீர்கள். பிளக் எல்லாம் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இங்கே ஒரு விசித்திரம்: பல 283 கிராங்கின் முன்முனையில் போல்ட் துளையே இராது. பாலன்சர் (முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) வெறுமனே இறுக்கிப் பொருத்தியது. அதனால் ஸ்பேனர் போட்டுச் சுற்ற முடியாது, ஃபிளைவீல் பல்லில்தான் சுற்ற வேண்டும். அதே காரணத்தால் பாலன்சரைச் சுத்தியலால் அடித்து ஏற்றுபவர்கள் உண்டு. அடி நேராக கிராங்கின் திரஸ்ட் பேரிங்கில் இறங்கும். முனையைத் துளைத்துப் புரி வெட்டிக்கொள்வதே நல்லது.

பிரித்துக் கோக்கும்போது தவறுகள் பெரும்பாலும் இவைதான்.

கேம்ஷாஃப்ட். 55, 56-இன் 265 இன்ஜினில் டேப்பட்டுக்குப் போகும் ஆயில், கேமின் கடைசி ஜர்னலில் வெட்டியிருக்கும் பள்ளம் வழியாகத்தான் போகும். பிற்கால கேமில் அந்தப் பள்ளம் இல்லை. தெரியாமல் போட்டால் மேலே ஒரு சொட்டு ஆயில் ஏறாது, வால்வை அழுத்தும் ராக்கர் எல்லாம் சிவந்து போகும் (கதவுக்குக் கீழே உள்ள ராக்கர் வேறு). 57 வண்டியில் பழைய 265 மாட்டியிருப்பது சகஜம், ஆகவே வார்ப்பு எண்ணைப் பார்த்துவிட்டு கேம் வாங்குங்கள்.

ஹெட் போல்ட். ஒரு ஹெட்டுக்கு 17. அத்தனையும் தண்ணீர் அறைக்குள் திறப்பவை. புரியில் சீலண்ட் பூசாமல் முடுக்கினால் கூலண்ட் மெல்ல மேலேறி ஆயிலில் கலக்கும். பிறகு "கேஸ்கட் மோசம்" என்று கேஸ்கட்டைத் திட்டுவார்கள். மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளிப்பக்கம், கடைசியில் 60 முதல் 70 அடி-பவுண்டு.

பின் ஆயில் சீல். 58 வரை கயிறு சீல். ஆயிலில் ஊறவைத்து, உருளையால் பள்ளத்தில் அழுத்தி, முனையைக் கூரான பிளேடால் ஒரே வெட்டு. பிசிறு விட்டால் அங்கிருந்தே சொட்டும். என்ன செய்தாலும் கொஞ்சம் கசியும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஆயில் ஏற்றுவது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில்லில் தண்டு மாட்டி ஆயில் பம்பைச் சுற்றுவார்கள். வெறும் தண்டு போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்புதான் அந்த இடத்தில் ஆயில் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதே கனத்தில் உடம்பு உள்ள கருவி வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் அந்த ஓட்டையிலேயே கொட்டிவிட்டு மேலே ஏறாது. எட்டு ஜோடி ராக்கரிலும் ஆயில் வரும்வரை சுற்றுங்கள், இடையிடையே கிராங்கையும் திருப்புங்கள்.

இது தட்டை டேப்பட் கேம். புது கேம் என்றால் கிளம்பிய நொடியிலிருந்து 20 நிமிடம் 2,000 சுற்றுக்குக் கீழே இறக்காதீர்கள். ஐடிலில் விட்டால் கேம் முட்டை தேய்ந்துவிடும். இன்றைய கார் ஆயிலில் பாஸ்பரஸை 800 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், ஜிங்க்கும் அதோடு குறைந்துவிட்டது. 1,200 பிபிஎம்முக்கு மேல் ஜிங்க் உள்ள ஆயில் பாருங்கள். ஃபில்டரோடு 5 குவார்ட்.

பெட்ரோல் பக்கம் இரண்டு வரி. 10 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், ஆகவே பம்ப் டயஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் கிட் எல்லாம் எத்தனால் தாங்குவதாக மாற்றுங்கள். சூடான இன்ஜின் நின்று திரும்பக் கிளம்ப மறுத்தால் உடனே பம்பைக் குறை சொல்ல வேண்டாம். வலது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே ஹீட் ரைசர் வால்வு மூடிய நிலையில் துருவேறி நின்றிருக்கும். புகை சூடு முழுக்க இன்டேக் வழியாகப் போய் கார்புரேட்டரைக் கொதிக்கவைக்கும். வெறும் கையால் எடைக்கட்டை அசையவில்லை என்றால் அதுதான் குற்றவாளி.

பதிவு 11 | துருப்பிடிச்சவன்

ஒயரிங்? படத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் துணி சுற்றிய ஒயர் தொங்குகிறது. சீல்டு பீம் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்கிறார் விற்பவர்.

பதிவு 12 | நெடுஞ்சாலை

துணி ஒயர் வளைத்தால் நொறுங்கும் நிலையில் இருக்கும். ஒட்டுப்போடாமல் முழு ஹார்னஸ் மாற்றுங்கள், துணி சுற்றிய அசல் தோற்றத்திலேயே கிடைக்கிறது. 55 முதலே 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். ஆகவே பல்பு, ரேடியோ எதிலும் தலைவலி இல்லை (54 வரை 6 வோல்ட்).

டைனமோவை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டிய பிறகும் கிளப்புவதற்கு முன் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு நொடி ஒயரால் தொட்டு எடுங்கள். துருவம் சரியாக அமைய அது போதும். மறந்தால் ரெகுலேட்டர் காண்டாக்ட் கருகும். ஆல்டர்னேட்டர் போட முடிவு செய்தால் 10எஸ்ஐ என்ற வகை எளிது, ரெகுலேட்டர் உள்ளேயே. அதில் 1 எண் முனை டேஷ்போர்டின் "ஜென்" விளக்குக்கு, 2 எண் முனை பேட்டரிப் பக்கம். விளக்கு பல்பு ஃபியூஸ் போயிருந்தால் சார்ஜ் ஆரம்பிக்காமல் குழப்பும், பல்பை முதலில் பாருங்கள்.

ஹெட்லைட் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் எர்த். பெயிண்ட் அடித்த வண்டியில் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கும், கரண்ட் எப்படிப் போகும்? சுரண்டிவிட்டு நட்சத்திர வாஷர் போடுங்கள். அப்படியும் மங்கினால் ரிலே இரண்டு.

பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் டேங்கில் பெட்ரோல் மட்டம் அளக்கும் கருவியாக யாரோ 0-90 ஓம் வகையைப் போட்டிருக்கிறார்கள். இந்த வண்டிக்கு 0-30 ஓம். டேங்க் வாய் எங்கே என்று தேடுபவர்களுக்கு: இடது இறக்கையின் பின்முனைக் குரோமைத் திறங்கள்.

பதிவு 13 | குரோம் பைத்தியம்

மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டார்களே.

57 பெல் ஏர் நான்கு கதவு செடான் சுமார் 2.54 லட்சம் செய்தார்கள், ஹார்டாப் கூபே சுமார் 1.66 லட்சம். இரண்டு கதவு ஸ்டேஷன் வேகன் நோமாட் 6,103 மட்டும். அதுதான் விலை வித்தியாசம், ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. முன் மட்கார்டு, பானட், கிரில், பம்பர், டேஷ்போர்டு, சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் ஒன்றே, எல்லாம் புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது. இரண்டு கதவுக்கு முழுப் பாடியே புதுத் தகரத்தில் விற்கிறார்கள். நான்கு கதவுக்குத் தனியாக வரும் சாமான்தான் குறைவு: பின் கதவு, அதன் கண்ணாடிச் சட்டம், கதவுகளின் மேல் ஓடும் ஸ்டெயின்லெஸ் பட்டை. அந்தப் பட்டை ஒன்று காணாமல் போயிருந்தால் வாரக்கணக்கில் பழைய சாமான் சந்தையில் தேட வேண்டும். ஆகவே பட்டையை எண்ணிப் பாருங்கள், வளைந்ததா என்பது இரண்டாம் பட்சம். வளைந்த ஸ்டெயின்லெஸ்ஸை உள்ளிருந்து தட்டி நேராக்கி, அரம் போட்டு, 220-இல் தொடங்கி 600 வரை தேய்த்து பஃப் பண்ணினால் பிறந்த நாள் போல் மின்னும்.

பம்பர் இரும்பு, திரும்பக் குரோம் பூச எளிது. ஹெட்லைட் வளையம், டெயில்லைட் கூடு, பானட் மேல் இருக்கும் இரண்டு ராக்கெட் எல்லாம் துத்தநாகக் கலவை. புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தால் ஒவ்வொரு குழியையும் சுத்தம் செய்து, செம்பு பூசி, தேய்த்து, மறுபடி செம்பு பூசித்தான் நிக்கலும் குரோமும். வண்டியில் எடைக்கு எடை அதிகச் செலவு அதற்கே. குழி ஆழமாக இருந்தால் புதிது வாங்குங்கள், ஆனால் புதிதைப் பெயிண்ட் அடிக்கும் முன்பே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வார்ப்பு மட்கார்டோடு ஒட்டாமல் இடைவெளி விடும்.

பெல் ஏருக்கே உரிய அந்தக் கோடு கோடான வெள்ளி நிறப் பலகை அனோடைஸ் செய்த அலுமினியம். பாலிஷ் போட்டுக் கெடுக்காதீர்கள், மேல் பூச்சு போனால் வெளுத்துவிடும். முன் மட்கார்டின் மூன்று தங்க அம்புக்குறிகளும் அப்படித்தான்.

பதிவு 14 | எட்டு சிலிண்டர்

ஒரு வார்த்தை. நான்கு கதவை வாங்கி, அதன் முன்பக்கத்தைக் கழற்றி ஹார்டாப்புக்கு மாட்டிவிட்டு மீதியை எடைக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியூபாவின் ஹவானாவில் நான்கு கதவு ஷெவியை ரஷ்ய லாடா கார் இன்ஜினும் டீசல் இன்ஜினும் வைத்து இன்றும் டாக்ஸி ஓட்டுகிறார்கள். இங்கே ஒவ்வொரு போல்ட்டும் தபாலில் வருகிறது, வெட்டுகிறார்கள். எனக்குப் புரியவில்லை.

பதிவு 15 | தகரவேலை தங்கம்

சரி, அந்த வண்டிக்கு வருவோம். கொண்டு போக வேண்டியது: காந்தம், சின்னச் சுத்தியல், டார்ச், கம்ப்ரஷன் கேஜ், முட்டிக்கு அடியில போட ஒரு அட்டை. மழை பேஞ்ச மறுநாள் போனா இன்னும் நல்லது, கார்ப்பெட் ஈரம் பொய் சொல்லாது. ராக்கர், முன் தரை, சேசிஸ் மூணும் நல்லா இருந்தா, இன்ஜின் கிளம்பாட்டியும் வாங்கலாம். கிளம்பாததைச் சொல்லி விலையைக் குறைங்க.

பதிவு 16 | துருப்பிடிச்சவன்

போய்ப் பார்த்துவிட்டேன். ராக்கரில் பெயிண்ட்டுக்கு அடியில் அலை அலையாகத் தெரிகிறது, சுத்தியல் மொத்துன்னு கேட்கிறது. மட்கார்டு மேல்பக்கம் சுத்தம். சேசிஸ் கணீர். கம்ப்ரஷன் எட்டிலும் 130 முதல் 140. தகட்டில் முதல் எழுத்து சி.

பதிவு 17 | தகரவேலை தங்கம்

ராக்கர் ரெண்டும் போச்சு, மத்தது பரவாயில்ல. உள் ராக்கர், வெளி ராக்கர், பாடித் தாங்கிக் குறுக்குப் பட்டை, முன் தரை ரெண்டு பக்கமும்னு கணக்குப் போடுங்க. முதல் எழுத்து சின்னா ஆறு சிலிண்டர் வண்டி, "மேட்சிங் நம்பர்" பேச்சை அவர் முன்னாடியே எடுத்து விலையைக் குறைங்க. எட்டு சிலிண்டர் அண்ணன் சொன்ன மாதிரி பிளாக் பின்னாடி வார்ப்பு எண்ணைப் படம் எடுத்துப் போடுங்க, 265-ஆ 283-ஆன்னு பாத்துடலாம்.

பதிவு 18 | இரண்டு பேரல்

எண் படத்தைப் போடும்வரை கேம்ஷாஃப்ட் ஆர்டர் பண்ணாதீர்கள்.